சந்திரா ஆற்றோரச் சரளையில் பூத்த அந்த ஊதாச் செடி எது?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஜூலை கடைசியில் இமாச்சலப் பிரதேசத்து லாகுல் போயிருக்கிறார் ஒருவர். சத்ரூவுக்கும் பாத்தலுக்கும் நடுவே சாலையில் குறுக்கே பாயும் ஒரு மலையோடையில் (அங்கே நாலா என்பார்கள்) வண்டி மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. சும்மா இறங்கி நடந்தவர் கண்ணில் ஓடையோரச் சரளையில் ஒரு செடி பட்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உயரம், சாம்பல் பூத்த இலை, நாலே இதழில் பெரிய பூ, நிறம் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. ஐந்து படம் எடுத்திருக்கிறார். போனில் இருக்கும் செயலி முதல் படத்துக்கு எபிலோபியம் லாட்டிஃபோலியம் என்றும், மூன்றாவது படத்துக்கு கமேனெரியன் லாட்டிஃபோலியம் என்றும் பெயர் காட்டியதாம். எது சரி? ஒரு வருடச் செடியா, பல ஆண்டு இருப்பதா? கடைசிப் படத்தில் பாசிக்குள் நிற்கும் குட்டிச் செடியும் இதேதானா? இவ்வளவுதான் கேள்வி.

செயலி சொன்ன இரண்டும் சரி. ஒரே செடிக்கு இரண்டு பெயர். ஆங்கிலத்தில் ரிவர் பியூட்டி என்பார்கள். வில்லோஹெர்ப் கூட்டத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுச் செடி. பாசிக்குள் நிற்கும் குட்டி இது இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் தலைவலி பிடித்தது.

வில்லோஹெர்ப் என்ற பெயர் இலையைப் பார்த்து வைத்தது. கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த வில்லோ மரத்தின் இலை மாதிரி நீண்டு கூர்ந்த இலை. தமிழில் இதற்குப் பெயர் கிடையாது, நம் ஊரில் செடியே இல்லாதபோது பெயர் எங்கிருந்து வரும்? ஆனால் கமேனெரியன் என்ற அறிவியல் பெயருக்குள் நமக்குப் பழக்கமான ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். ‘கமாய்’ என்றால் கிரேக்கத்தில் தரையோடு தாழ்ந்தது, ‘நெரியான்’ என்றால் அரளி. ஆக, தரை அரளி. இலையையும் பூவின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெயர் வைத்தவருக்கு அரளி ஏன் ஞாபகம் வந்தது என்று புரியும். மற்றபடி அரளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அரளியின் விஷமும் இதில் இல்லை.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? இனி கேட்டவரிடமே நேராகச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்துச் செடி என்று சந்தேகம் வந்தாலே நான் பூவை விட்டுவிட்டு, பூவுக்குக் கீழே பார்ப்பேன். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூவைத் தண்டோடு சேர்க்கும் காம்பு கருஞ்சிவப்பாக, சற்றே தடித்து, மெல்லிய நாலு பட்டையோடு தெரிகிறதா? அதில் பெரும்பகுதி காம்பே இல்லை. அதுதான் சூற்பை, அதாவது நாளைக்குக் காயாகப் போவது. பூசணிப் பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு உட்கார்ந்திருக்குமே, அதே ஏற்பாடு. பூசணியில் உருண்டையாக இருப்பது இங்கே குச்சியாக நீண்டிருக்கிறது. பூ உதிர்ந்த பிறகு அந்தக் குச்சி இன்னும் நீண்டு ஐந்தாறு சென்டிமீட்டர் காயாகும். எபிலோபியம் என்ற பெயரே இதைத்தான் சொல்கிறது: ‘எபி’ மேலே, ‘லோபோஸ்’ காய். காயின் மேல் பூ.

இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாலு இதழ்ப் பூ என்றதும் பலர் கடுகுக் குடும்பம் என்று நினைப்பார்கள்; அந்த உயரத்தில் கடுகின் உறவினர்கள் நிறையவே உண்டு. முள்ளங்கிப் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நாலு இதழ்தான், ஆனால் வருங்காலக் காய் இதழ்களுக்கு நடுவே, பூவுக்கு உள்ளே நிற்கும். மகரந்தத்தாள் ஆறு, நாலு உயரம் இரண்டு குட்டை. உங்கள் படத்தில் எட்டு இருக்கிறது. நான் எண்ணிவிட்டேன், ஒன்று இதழுக்குப் பின்னால் மறைந்து நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. நாலு புல்லி, நாலு அல்லி, எட்டு மகரந்தத்தாள், அடியில் நீண்ட சூற்பை: இது ஒனாக்ரேசி குடும்பத்தின் கையெழுத்து. ஊட்டி வீட்டு வாசல்களில் தொங்கும் ஃப்யூஷியாவில் இதே கணக்கைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வயல் வரப்பில் மஞ்சளாகப் பூக்கும் நீர்க்கிராம்பும் இதே குடும்பம்தான். அதன் காய் கிராம்பு மாதிரி இருப்பதும் இந்த அடிச் சூற்பையால் வந்த தோற்றம்.

குடும்பம் தெரிந்துவிட்டது. அடுத்து, பெரிய பூ வில்லோஹெர்ப்பா சின்னப் பூ வில்லோஹெர்ப்பா என்பது. இங்கேதான் இரண்டு பெயர் வந்த கதையும் இருக்கிறது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் எல்லாவற்றையும் எபிலோபியம் என்ற ஒரே கூடைக்குள் போட்டார். பிற்பாடு வந்தவர்கள் பார்த்தார்கள், அதில் ஒரு சிறு கூட்டம் தனியாக நிற்கிறது. இலைகள் தண்டைச் சுற்றி ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறுகின்றன. பூ வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நம் முகத்தைப் பார்க்கிறது. நாலு இதழும் அச்சு அசலாக ஒரே அளவில் இல்லை. இதழ் நுனியில் பிளவு இல்லை. மகரந்தத்தாள் எட்டும் ஏறக்குறைய ஒரே உயரம். இந்தக் கூட்டம்தான் கமேனெரியன். மிச்சமுள்ள எபிலோபியங்களில் அடி இலைகள் எதிரெதிராக, பூ நிமிர்ந்து, இதழ் நுனி இதயம் மாதிரி பிளந்து, மகரந்தத்தாள் நாலு உயரமும் நாலு குட்டையுமாக இருக்கும். பழைய புத்தகங்கள் லின்னேயஸ் பெயரிலும் புதியவை கமேனெரியன் பெயரிலும் அச்சாகியிருக்கின்றன. நடுவில் கொஞ்ச காலம் கமேரியன் என்றும் எழுதினார்கள். மூன்றில் எதைப் பார்த்தாலும் பயப்பட வேண்டாம். உங்கள் செயலிக்கு யாரோ பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் செடியில் எல்லாமே கமேனெரியன் பக்கம் நிற்கிறது. அந்தப் பக்கம் இமயமலையில் வழக்கமாகக் குழப்பம் தருவது இதன் அண்ணன், ஃபயர்வீட் என்கிற கமேனெரியன் அங்குஸ்டிஃபோலியம். அங்குஸ்டிஃபோலியம் என்றால் ஒடுங்கிய இலை, லாட்டிஃபோலியம் என்றால் அகன்ற இலை. உங்கள் படத்தில் இருக்கும் இலையைப் பார்த்து ‘இதையா அகலம் என்கிறார்கள்’ என்று கேட்பீர்கள். அண்ணனோடு ஒப்பிட்டுத்தான் அகலம்.

இருவரையும் பிரிக்க உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஃபயர்வீட் ஆள் உயரம் வளரும் என்பது உண்மைதான், ஆனால் மேய்ச்சலில் கடிபட்டு மறுபடி துளிர்த்தது குட்டையாகத்தான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இலை நரம்பு. ஃபயர்வீட் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால், பக்க நரம்புகள் ஓரம் வரை ஓடாமல், ஓரத்துக்குச் சற்று முன்பே வளைந்து ஒன்றையொன்று தொட்டு, விளிம்புக்கு இணையாக ஒரு வேலி போட்டிருக்கும். ஒரு முறை பார்த்தால் மறக்காது. உங்கள் செடியின் இலையில் நடுநரம்பைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இலை கொஞ்சம் சதைப்பற்றோடு, முட்டைக்கோஸ் மேலிலையின் சாம்பல் பச்சையில் இருக்கிறது.

இரண்டாவது, பூக்கள் நிற்கும் விதம். ஃபயர்வீட்டில் பூங்கொத்து நீண்ட கோபுரம் மாதிரி, பூவுக்கு அடியில் இருக்கும் இலை கண்ணுக்கே தெரியாத சிறு செதில். உங்கள் செடியில் தண்டுக்கு நாலைந்து பூதான், ஒவ்வொன்றும் முறையான ஒரு இலையின் கக்கத்திலிருந்து கிளம்புகிறது. பூவும் பெரிசு, பக்கத்தில் கிடக்கும் உங்கள் லென்ஸ் மூடியை வைத்துக் கணக்குப் போட்டால் நாலு சென்டிமீட்டருக்குக் குறையாது. மூன்றாவது, சூலகத் தண்டு, அதாவது பூவின் நடுவே நிற்கும் பெண் உறுப்பின் தண்டு. ஃபயர்வீட்டில் அது மகரந்தத்தாள்களைத் தாண்டி நீண்டு, நுனியில் நாலு கிளையாக விரிந்து சுருண்டிருக்கும். அடியில் மயிர் உண்டு. லாட்டிஃபோலியத்தில் மகரந்தத்தாள்களைவிடக் குட்டை, மயிரில்லை. உங்கள் மூன்றாவது படத்தில் அது தாள்களுக்குக் கீழே பதுங்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படம் ஒன்றே போதும், சந்தேகத்தை மூடிவிடலாம்.

ஃபயர்வீட்டின் அந்த நீண்ட சூலகத் தண்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனசில்லை. புதிதாகத் திறந்த பூவில் மகரந்தத்தாள்கள் நிமிர்ந்து தூள் கொடுத்துக்கொண்டிருக்கும், சூலகத் தண்டு கீழே மடங்கிக் கிடக்கும். ஓரிரு நாள் கழித்துத் தாள்கள் தொங்கிப்போகும், அப்போதுதான் தண்டு நிமிர்ந்து நுனியை விரிக்கும். முதலில் ஆண், பிறகு பெண். ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் என்ற பள்ளி ஆசிரியர் 1790-இல் இந்தச் செடியில்தான் இதைக் கண்டுபிடித்தார். கொத்தில் கீழ்ப்பூக்கள் மூத்தவை, மேலே இளையவை. தேனீ கீழிருந்து மேலே ஏறும். ஆக, வரும்போது வெளியூர்த் தூளைக் கீழே கொடுத்துவிட்டு, போகும்போது மேலிருந்து புதுத் தூளை வாங்கிக்கொண்டு போகிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுத் தாம்பூலம் வாங்கிப் போவது போல.

நீங்கள் பார்த்த இடமும் அடையாளத்தின் ஒரு பகுதிதான். சந்திரா பள்ளத்தாக்கில் அந்த ஓடைகள் எல்லாம் பனியாற்றுத் தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு, பிற்பகலில் வெயில் ஏறி உருகியதும் தொடை அளவு. உங்கள் வண்டி மாட்டியதும் அதனால்தான், காலை ஏழு மணிக்குக் கடந்திருந்தால் இந்தச் செடியைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆண்டுக்கு ஆண்டு ஓடை இடம் மாறும். விட்டுப்போன பழைய தடத்தில் வெறும் உருண்டைக் கல்லும் மணலும். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. மற்ற செடிகள் வரத் தயங்கும் அந்த இடத்தில் முதலில் வந்து உட்காருவது இது. பஞ்சு வைத்த விதை காற்றில் வரும்; நிழலடிக்க வேறு செடி இல்லாத வெற்றிடம்தான் அதற்கு வேண்டும். ஓடைக்கரையில் இருந்தும் இலை ஏன் வறண்ட இடத்துச் செடி மாதிரி தடித்திருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தண்ணீர் அடியில் இருக்கிறது. மேலே கிடக்கும் சரளையில் ஒரு சொட்டு நிற்காது. அதன் மேல் அந்த உயரத்து வெயில், ஓயாத காற்று. வேர் நனைந்தும் தலை காய்ந்தும் வாழ்கிற செடி அது.

ஃபயர்வீட்டும் வெற்றிடம் தேடித்தான், ஆனால் அதற்குக் காட்டுத்தீ, நிலச்சரிவு மாதிரியானவை பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் தெருக்களில் இடிபாடு முழுக்க அதுதான் பூத்தது. 1980-இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு சாம்பலில் முதலில் முளைத்தவற்றிலும் அது உண்டு. தம்பிக்கு ஊர் விவகாரம் வேண்டாம், ஆறு போதும். இமயமலையிலிருந்து மத்திய ஆசியா, சைபீரியா, அலாஸ்கா, கனடா, ஐஸ்லாந்து என்று குளிர்நாட்டு ஆற்றோரங்களில் எல்லாம் இருக்கிறது. கிரீன்லாந்தின் தேசிய மலரே இதுதான். அங்கே நிவியார்சியாக் என்கிறார்கள், இளம்பெண் என்று பொருள். இலையையும் பூவையும் அங்கே உண்பதும் உண்டு. நீங்கள் பறித்துத் தின்னக் கிளம்ப வேண்டாம், ஓடையோரத்தில் பத்துச் செடி இருக்கிற இடத்தில் அது நியாயமில்லை.

பல ஆண்டுச் செடி என்று எதை வைத்துச் சொன்னேன்? உங்கள் நாலாவது படத்தின் கீழ் மூலையை வைத்து. பச்சைத் தண்டுகளுக்கு நடுவே வெளிறிய பழுப்பில் காய்ந்த குச்சிகள் நிற்கின்றன, ஒன்றில் பிளந்த காயின் தோல்கூட ஒட்டியிருக்கிறது. அவை போன வருடத்துத் தண்டுகள். பனி ஆறேழு மாதம் மூடிக்கிடந்து விலகியும் அந்தக் குச்சி நிற்கிறது, அதே அடியிலிருந்து புதுத் தண்டு ஏழெட்டு கிளம்பியிருக்கிறது. விதையிலிருந்து அந்த வருடமே முளைத்த செடி இப்படிப் புதராக நிற்காது. அடியில் இரண்டு கல்லைத் தள்ளிப் பார்த்திருந்தால் மரமாகத் தடித்த வேர்த்தண்டு தெரிந்திருக்கும். பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை, கல்லைத் தள்ளினால் போதும். பார்த்த பிறகு கல்லைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அதே சரளையில் ஏமாற்றும் ஆட்கள் இரண்டு பேர். ஒன்று மிரிக்கேரியா. நானே ஒரு முறை லடாக்கின் சுரு பள்ளத்தாக்கில் ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்து, பக்கத்து சீட்காரரிடம் வில்லோஹெர்ப் என்று விளக்கம் வேறு கொடுத்து, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் இறங்கிப் பார்த்து அசடு வழிந்திருக்கிறேன். ஆற்றுச் சரளை, இளஞ்சிவப்புக் கொத்து, பஞ்சு வைத்த விதை, மூன்றுமே அதற்கும் உண்டு. ஆனால் அது மரத்தண்டுப் புதர், இலை சவுக்கு மாதிரி மெல்லிய செதில், பூ சின்னது, இதழ் ஐந்து. இன்னொன்று காட்டுக் காசித்தும்பை வகைகள், கொஞ்சம் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில். தூரத்தில் ஊதாத் திட்டாகத் தெரியும். கிட்டே போனால் பூவுக்குப் பின்னால் வால் இருக்கும், காயைத் தொட்டால் வீட்டுக் காசித்தும்பை மாதிரியே பட்டென்று வெடிக்கும். வில்லோஹெர்ப் காய் அப்படி அவசரப்படாது.

இப்போது பாசிக்குள் நின்ற குட்டி. விரல் நீளம், பூ அரை சென்டிமீட்டர்கூட இல்லை, வெளிறிய இளஞ்சிவப்பு, இதழ் நுனியில் பிளவு, கீழே இலைகள் எதிரெதிராக. இது உண்மையான எபிலோபியம். அதற்கு மேல் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு இனப்பெயர் சொல்பவரை நம்பாதீர்கள், செயலி உட்பட. மேற்கு இமயமலையின் ஊற்றுகளிலும் ஓடையோரங்களிலும் இதே சாயலில் ராய்லியானம், லாக்ஸம், சிலிண்ட்ரிகம், பலுஸ்ட்ரே என்று பலர் இருக்கிறார்கள். ராய்லியானத்தின் பெயரில் இருப்பது சகாரன்பூர் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஃபோர்ப்ஸ் ராய்ல். 1884-இல் ஹவுஸ்க்னெக்ட் என்ற ஜெர்மானியர் உலகத்து எபிலோபியங்களுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். 1962-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பீட்டர் ரேவன் இமயமலையில் உள்ளவற்றைத் தனியாக எடுத்து ஒழுங்குபடுத்தினார். இத்தனைக்குப் பிறகும் கஷ்டம் தீரவில்லை, ஏனென்றால் இவை ஒன்றோடொன்று சுலபமாகக் கலப்பவை. இரண்டு இனம் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் நடுவாந்தரமாக மூன்றாவது ஒன்று நிற்கும்.

இந்தக் குட்டிகளைப் பிரிக்கப் பூவின் நிறம் உதவவே உதவாது. நான்கு இடம் பார்க்க வேண்டும். தண்டில், இலை சேரும் இடத்திலிருந்து கீழ்நோக்கி மயிர்க்கோடு ஓடுகிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சில இனங்களில் இரண்டு பக்கமும் மேடாக, கோடு போட்டாற்போல மயிர் இறங்கும். பலுஸ்ட்ரேயில் அந்த மேட்டுக்கோடு இருக்காது. அப்புறம் சூலக முடி, அதாவது சூலகத் தண்டின் நுனி: நாலு கிளையா, கதாயுதம் மாதிரி ஒரே உருண்டையா? ஆளுயரம் வளர்ந்து உடம்பெல்லாம் மென்மயிர் மூடிய எபிலோபியம் ஹிர்சூட்டம் என்ற இனத்தில் நாலு கிளை. குட்டி ஆட்களில் பெரும்பாலும் கதாயுதம். மூன்றாவது, விதையின் மேல் தோல். அதற்கு நுண்ணோக்கி வேண்டும். நாலாவதுதான் என் கணக்கில் முக்கியம், யாருமே படம் எடுக்காததும் அதுதான்: செடியின் அடி. குளிர்காலத்தை எப்படிக் கடக்கிறது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. சில தரைக்குள் தடித்த செதில் மூடிய மொட்டை வைத்துவிட்டுத் தண்டைக் கைவிடும். சில அடியில் இலைக்கொத்து ஒன்றை விரித்து வைக்கும். பலுஸ்ட்ரே நூல் மாதிரிக் கொடியை ஓடவிட்டு அதன் நுனியில் சின்ன வெங்காயம் போல ஒரு மொட்டைக் கட்டிவைக்கும். பாசியை விரலால் மெல்ல விலக்கி இந்த அடியை ஒரு படம் எடுத்திருந்தீர்களானால், முழு இல்லை என்றாலும் முக்கால் பதிலாவது கிடைத்திருக்கும்.

அடுத்த முறை போவதாக எழுதியிருந்தீர்கள். ஜூலைக்குப் பதில் செப்டம்பர் நடுவில் போக முடிந்தால் காய் பார்க்கலாம், குன்ஸும் கணவாயைப் பனி மூடும் முன். வெயில் அடிக்கும் காலை வேளையில் ஒரு முற்றிய காயின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். நுனியில் முதலில் ஒரு கீறல் விழும். பிறகு நாலு பட்டையும் வாழைப்பழத் தோல் உரித்தாற்போல மேலிருந்து கீழாக மெல்லப் பின்னுக்கு வளையும். நடுவில் ஒரு மெல்லிய தூண், அதில் வரிசையாக விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் எருக்கு விதைக்கு இருப்பது போல வெள்ளைப் பட்டுக்குஞ்சம். காற்று வரும்வரை குஞ்சங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்கும், வந்ததும் நாலைந்தாகப் பிய்த்துக்கொண்டு ஓடையின் மேல் போகும். அதை ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம், பூவைப் பக்கவாட்டில் ஒரு படம், கல்லை விலக்கிவிட்டு அடி ஒரு படம். அளவுக்கு லென்ஸ் மூடியை விட ஒரு ரூபாய் நாணயம் நல்லது.